இரண்டு புள்ளி இரண்டு

பின் இடது டயர்.
வியாழன் நிரப்பினால்
ஞாயிறு வரை நிமிர்ந்து நிற்கும்.
செவ்வாயன்று லேசாகத் தொப்பை தெரியும்.
அடுத்த வியாழன் விடிகாலை
கல்பாவிய தெருவில் அப்படியே உட்கார்ந்திருக்கும்
என் பழைய ஓப்பலின் ஒரு மூலை.

வெடிக்கவில்லை. சீறவில்லை.
குனிந்து காது வைத்தால்
ரியோனி ஆறுதான் கேட்டது.

குட்டாய்சியின் இந்தத் தெருவில்
பம்ப் வைத்திருப்பவர் வாஜா ஒருவர்தான்.
வாஜாவோடு நான் பேசிப் பதினோரு வருடம்.
வேலிமேல் ஏறிய என் திராட்சைக் கொடியை
வெட்டினார்.
தானாகக் காய்ந்தது என்கிறார்.
வெட்டு வாய்க்கும் காய்ச்சலுக்கும்
எனக்கு வித்தியாசம் தெரியாதாம்.

நான்கு மணிக்கு ரொட்டி அடுப்பை மூட்டியாக வேண்டும்.
முதல் வியாழன், மூன்றேகால், மூடுபனி.
அவர் கதவைத் தட்டி
"பம்ப்" என்றேன்.
பதினோரு வருடம் கழித்து வாய் திறந்தால்
வந்து விழுந்த சொல் அது.

அவர் அதுகூடச் சொல்லவில்லை.
இரவு உடைமேல் கம்பளிக் கோட்டு,
வெறுங்காலில் ரப்பர் பூட்ஸ்,
கையில் ரஷ்ய எழுத்துப் பொறித்த மிதிபம்ப்.
என்னிடம் தராமல் தானே மிதித்தார்,
நூற்று நாற்பது மிதி.
டார்ச்சை முள்மேல் பிடித்து
"இரண்டு புள்ளி இரண்டு" என்றார்.
நான் தலையாட்டினேன்.

அடுத்த வியாழன் அவர் சன்னலில்
எனக்கு முன்பே விளக்கு எரிந்தது.
கொடியை வெட்டிய கை
ஆணியும் வைத்திருக்குமோ?
அப்படியும் நினைத்தேன்.
நினைத்துக்கொண்டேதான் டார்ச் பிடித்தேன்.

மிதிக்கும்போது பேசினால்
பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும்.
பல்.
வலி.
போன வாரம்.
பிடுங்கினான்.
பக்கத்துப் பல்லை.
திருடன்.
நான் சிரித்துவிட்டேன்.
டார்ச் ஆடியது.
"சியாலா, வெளிச்சம்!" என்று அதட்டினார்.
என் பெயர் அவருக்கு மறக்கவில்லை.

பிறகு ஒரு வியாழன் சூடான காபி,
பானட்டில் வைக்க இடமில்லாமல் கூரைமேல்.
பிறகு ஒரு வியாழன் நூறு மிதி அவர், நாற்பது நான்.
சலோனிகாவில் இருக்கும் மகள்,
ஒழுகும் கூரை,
கொடியைத் தவிர எல்லாம் பேசினோம்.

ரொட்டிக்கடை நனூலி
மூன்றாம் முறை தாமதித்தபோது சொன்னாள்:
"டயரைப் பார், இல்லை வேறு வேலை பார்."

கோச்சாவின் கடை வாசலில்
வெள்ளையடித்த டயர் ஒன்று கம்பத்தில் தொங்கும்.
உள்ளே யாரோ தூக்கியெறிந்த குளியல் தொட்டி,
காலை நேரத்தில் மேலே மெல்லிய பனிக்கட்டி.
முழங்கையால் உடைத்து
டயரை முக்கி உருட்டினான்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு ஒரு குமிழி, கடுகளவு.
எண்ணி ஏழு நொடி. இன்னொன்று.

குறடால் இழுத்தான்.
கொடி கட்டுகிற கம்பியில் ஒரு நகக்கண் அளவு.
வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்
ஒரே கம்பிதான் கட்டுகிறோம்.
எந்தப் பக்கத்தது என்று
கோச்சாவிடம் கேட்க முடியுமா?

ரப்பர் திரியைச் செருகி
நீட்டியதைக் கத்தியால் சீவி
பதினைந்து வாங்கிக்கொண்டான்.

வியாழன். மூன்றேகால்.
தர்பூசணிபோல் கிண்ணென்று இருந்தது டயர்.
அவர் சன்னலில் விளக்கு.
நான் குந்தி உட்கார்ந்து
வால்வு மூடியைத் திருகி
சாவி முனையால் அழுத்தினேன்.
இத்தனை வாரம் கேட்காத சீறல்
தெருவுக்கே கேட்டிருக்கும்.

கதவைத் தட்டினேன்.

வந்தார். டார்ச்சை அவரே பிடித்தார்.
சக்கரத்தைச் சுற்றி வந்த வெளிச்சம்
புது ரப்பர் முனையில் நின்றது.
விரலால் தடவிப் பார்த்தார்.
"கோச்சாவா?"
"ஆமாம்."
"எவ்வளவு?"
"பதினைந்து."
"திருடன்" என்றார்,
டார்ச்சை என்னிடம் நீட்டி
பம்பின்மேல் காலை வைத்தார்.