செயல்பாடு எண் நான்கு

பயிற்சித் தாளில் மூன்றே வரி.
'உன் பகுதியின் படம் வரைக.
இங்கிருந்து போவது எது, இங்கே வருவது எது,
அம்புக்குறியால் காட்டுக.'
நேரம் நாற்பது நிமிடம்.

பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பி
ஒட்டி விரித்தேன்.
நாலாம் வகுப்பு பி பிரிவு, முப்பத்தொரு பேர்,
வயிறு தரையில் படக் கவிழ்ந்தார்கள்.

முதலில் ரயில்வே கேட்.
அதை வரையாமல் கொருக்குப்பேட்டையில்
எதையும் வரைய முடியாது.
லோகித் மூடிய கேட்டை வரைந்தான்.
திறந்த மாதிரி வரையேன் என்றேன்.
"அத்த நான் எப்ப மிஸ் பாத்தேன்?"

கேட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம்,
தண்ணீர் லாரி நிற்கும் முக்கு,
நீலம், பச்சை, ஆரஞ்சுக் குடங்கள்.
வீடுகளைவிடக் குடங்களைப்
பெரிதாக வரைந்தாள் சப்ரீன்.
நான் திருத்தவில்லை.

அப்புறம் அம்புகள்.
கரண்ட் போகிறது, தெற்கே.
டேங்கர் டேங்கராக எண்ணெய் போகிறது.
காசிமேட்டு மீன் போகிறது, விடிவதற்குள்.
பிரிஸ்கில்லாவின் அம்மா போகிறாள்
ஐந்தே கால் வண்டிக்கு,
தி.நகரில் ஏழு மாடிப் படிக்கட்டு துடைக்க.
லிஃப்டையும் துடைக்க வேண்டும்.
அதில் ஏறத்தான் கூடாது.
"லிஃப்ட்ல போவாத அம்ப எப்டி மிஸ் போடறது?"
படிபோல மடக்கி மடக்கிப் போடு என்றேன்.
குரல் சரியாகத்தான் இருந்தது.

வருவது எது?
குப்பை என்றது வகுப்பு, ஒரே வாயாக.
கொடுங்கையூர் போகும் லாரிகளை
நம்பர் பிளேட்டோடு வரைந்தார்கள்,
பின்னால் பறக்கும் தார்ப்பாயோடு.
மணலிப் பக்கமிருந்து நாற்றம் வருகிறது,
அதற்கு என்ன கலர் என்று ஒரு சண்டை.
ஓட்டு கேட்டு வேன் வருகிறது.
மழை வருகிறது, வந்தால் போவதில்லை.

"மிஸ், நீங்க எந்த அம்பு?"

குரோம்பேட்டையில் ஏறி, பீச்சில் மாறி
ஒன்பது வருஷம்.
வரும் அம்பு என்று சொல்ல வாயெடுத்தேன்.
"நாலே காலுக்குப் போய்டறாங்கடா,
ரெண்டு பக்கமும் மொன போடு" என்றான் லோகித்.
போட்டார்கள், ஸ்கேல் வைத்து.
மேலே என் பெயர்: சாருளதா மிஸ்.

பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில்
இடமாறுதல் விண்ணப்பம்.
விருப்ப இடம் ஒன்று, இரண்டு, மூன்று.
மூன்றும் தெற்கு.
அந்த அம்புக்கு ஒரே முனை.

இதற்குப் பாடத்தில் ஒரு சொல் இருக்கிறது.
கரும்பலகையில் நான் இன்னும் எழுதவில்லை.
எழுதினால் மூன்று முறை பார்த்து எழுதுவார்கள்,
அடிக்கோடு போட்டு, அழகாக,
சிவப்பு மையில் நானும் ஒரு 'நன்று' போடுவேன்.

மணியடிக்க நாலு நிமிஷம்.
சப்ரீன் ரப்பரை எடுத்தாள்.
குப்பை லாரி அம்பின் முனையை அழித்து
மறு நுனியில் வரைந்தாள்.
லாரிகள் எல்லாம் தெற்கே திரும்பின.
வகுப்பே கைதட்டியது, யாரோ விசில்கூட.
நானும் தட்டினேனா? தட்டினேன்.

பிரிஸ்கில்லா மட்டும்
ஏழு மாடியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள்.
"இங்க கொட்டாத.
அங்கயும் எங்கம்மாதான் பெருக்கணும்."

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
செயல்பாடு எண் ஐந்து என்று
வேறு ஏதோ இருந்தது.
வெளியே கேட்டில் கூட்ஸ் வண்டி,
பெட்டிகளை எண்ண ஓடினார்கள் பாதிப் பேர்.
மீதிப் பேர் ரப்பரைப் பார்த்தபடி
அங்கேயே குப்புறக் கிடந்தார்கள்.
மணி அடித்தது.
நான் பையை எடுக்கவில்லை.
சப்ரீன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து,
"சரி, எங்கதான் கொட்டறது?" என்றேன்.
எனக்குத் தெரியாமல்தான் கேட்டேன்.