முந்நூறு தட்டு

ஒரு துளியைத் தொண்ணூற்றொன்பது துளியில் விடு.
மூடு.
தோல்மெத்தையில் பத்துத் தட்டு தட்டு.
அதிலிருந்து ஒரு துளி எடு, மறுபடி.
முப்பது படி. ஆக முந்நூறு.

இயந்திரம் வாங்க முதலாளியிடம் பணம் இல்லாமல் இல்லை.
‘கையால் தட்டியது’ என்று அட்டையில் போட்டால்
இரண்டு யூரோ கூடப் போகும்.
அந்தக் கை என்னுடையது.

பத்தொன்பது வருடமாக
முல்டே ஆற்றங்கரையில், வெயில் வராத வடக்கு அறையில்
நச்சுக்கொடியைத் தட்டியிருக்கிறேன்,
தேனீயை, சுண்ணாம்பை,
பெயர் சொல்ல வராத ஒரு பாம்பை.
பெருங்காயத்தைக்கூட.
கழுவிக் கவிழ்த்து ஒரு வாரம் ஆன பிறகும்
அந்தப் புட்டி மட்டும்
தான் யாரென்று சொல்லிக்கொண்டிருந்தது.

மருமகன் டோர்ஸ்டன் பள்ளியில் வேதியியல் நடத்துகிறான்.
“பன்னிரண்டாம் படிக்கு மேல்
அதில் ஒன்றுமே இல்லை, அத்தை”
கிறிஸ்துமஸ் வாத்தை அறுத்தபடி சொன்னான்.
இருக்கலாம்.
மருந்து தீர்ந்துபோன இடத்திலிருந்து
இன்னும் பதினெட்டுப் படி
தினமும் நான் ஏறுகிறேன்.
அந்த நூற்றெண்பது தட்டும் எங்கே போய்ச் சேர்ந்ததென்று
மணிக்கட்டைத் தூக்கிக் காட்டியிருப்பேன்.
கையில் குழம்புக் கிண்ணம் இருந்தது.

நவம்பரில் ரொட்டிக் கத்தி
தானாகக் கீழே விழத் தொடங்கியது.

எலும்பு மருத்துவர் ஏழு நிமிடத்தில் படம் பார்த்து
தேய்மானம் என்றார், மாத்திரை எழுதினார்.
மாத்திரை கேட்கிறது. அதை மறைக்க மாட்டேன்.
வயிறு எரிந்தாலும் இரண்டு வேளை விழுங்குகிறேன்.

டாக்டர் வீப்கே ஓல்ட்மானோ
ஒன்றேகால் மணி நேரம் கேட்டாள்.
மழைக்கு முன்பா, மழையிலா?
முதல் அசைவிலா, அசைந்து அசைந்து ஓய்ந்த பிறகா?
வெந்நீர் இதமா?
யாராவது ஆறுதல் சொன்னால் கோபம் வருமா?
கனவில் என்ன செய்கிறீர்கள்?

கரையே வராத ஏரியில்
துடுப்பு வலிக்கிறேன் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.
அறுபத்தொரு வயதில்
என் கனவுக்கு ஒரு பேனா திறந்தது
அன்றுதான்.

எழுதித் தந்தது நச்சுக்கொடி, முப்பதாம் வீரியம்.
மருந்துக்கடைக்காரி நீட்டிய பெட்டியில்
எங்கள் அட்டை, எங்கள் நீலம்,
தொகுதி எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு.

எனக்கு நினைவிருக்கிறது அந்தச் செவ்வாய்க்கிழமை.
பதினேழாம் படியில் தொலைபேசி அடித்தது.
எக்கஹார்ட் நிலவறைப் படிக்கட்டில் விழுந்திருக்கிறான்,
முழங்கால், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.
திரும்பி வந்து புட்டியைப் பிடித்தபோது
எத்தனையில் விட்டேன் என்று தெரியவில்லை.
ஏழு என்று வைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் சொல்லவில்லை.
மீதிச் சில்லறை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவனுக்கு அசைந்தால் உயிர் போகிறது.
எனக்கு அசையாவிட்டால்.
ஒரே போர்வைக்குள்
ஒன்றையொன்று முறிக்கும் இரண்டு மருந்து.
“மெத்தையை ஆட்டாதே, ஹைட்ருன்” என்பான் இருட்டில்.
மூன்று மணிக்கு எழுந்து
நடைவழியில் துண்டைப் பிழிந்தபடி உலாத்துவேன்,
ஈரமே இல்லாத துண்டு.

ஐந்து உருண்டை, நாக்கின் அடியில்.
இனிப்பு.
வேறு எதையும் எதிர்பார்த்தவள் இல்லை நான்.

மறுநாள் முதல் தட்டில் கண் கலங்கியது.
நான்காவதில் ஒரு கெட்ட வார்த்தை.
பத்தாவதில் கை என்னிடம் திரும்பி வந்தது.
உருண்டையா, பழக்கமா, இரண்டு வேளை மாத்திரையா,
என்னைக் கேட்காதீர்கள்.

பதினேழாம் படி வந்தது.
தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு
ஒன்றிலிருந்து எண்ணினேன்.