ஓரத்துச் சுருக்கம்

தொழில் என்ற கட்டத்தில்
‘துணி தேய்ப்பது’ என்று எழுதியிருந்தது.
அப்தெல் மௌகூத், வயது அறுபத்தொன்று, மன்சூரா.
ஈரலின் வலப்பக்கம் ஐந்தரை சென்டிமீட்டர் கட்டி.
கத்தி வைக்க முடியாத ஈரல்.
தண்ணீர் வடிந்த கால்வாய் வண்டல்போல
சுற்றிலும் கட்டிகட்டியாய் இறுகிக் கிடந்தது.

என் ஊசி ஒரு சூட்டுக்கு
நான்கு சென்டிமீட்டர்தான் வேகவைக்கும்.

“அப்படியென்றால் இரண்டு சூடு” என்றாள் நஃபூஸா,
கூடையை மடியில் வைத்துக்கொண்டு.
இல்லை. உருண்டைக்குள் உருண்டை அடுக்கினால்
இடுக்கு விழும். இடுக்கில் அது பிழைத்துக்கொள்ளும்.
படம் வரைய நான் பேனா தேடுவதற்குள்
அவரே மனைவிக்குச் சொல்லிவிட்டார்:
“ஒரு இழுப்பு மேல அடுத்த இழுப்பு
பாதியாவது ஏறணும். இல்லாட்டி கோடு நிக்கும்.”

ஏழு சூடு என்று கணக்கிட்டேன்.
ஆழத்தில் இருப்பதை முதலில்.
வெந்த இடத்திலிருந்து குமிழிகள் கிளம்பி
அல்ட்ராசவுண்ட் திரையை வெள்ளையாய் மூடிவிடும்.
மேலே தொடங்கினால் கீழே குருடு.

தொடைகளில் மின்தகடுகளை ஒட்டினான் விஸ்ஸாம்.
ஊசிக்குள் பனித்தண்ணீர் ஓடுவதைச் சொன்னபோது
“சூட்டுக்குள்ள எதுக்குத் தண்ணி?” என்றார்.
கொஞ்சம் யோசித்தார்.
“கருகிடும். கருகினா அப்புறம் சூடு உள்ளே இறங்காது.”
நாற்பது வருடம் வாயில் நீரை அடக்கி
துணிமேல் தூவியவர்.

பன்னிரண்டு நிமிடம். பிறகு பன்னிரண்டு.
நான்காம் சூட்டில் உள்ளேயிருந்து
‘பொட்’டென்று ஒரு சத்தம், சோளம் பொரிகிற மாதிரி.
அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
கசிவு இல்லை. தொடர்ந்தோம்.

ஆறாவது, ஒரு பெரிய சிரைக்குப் பக்கத்தில்.
எவ்வளவு கொடுத்தாலும் வாங்கி வாங்கி
இதயத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது ஓடும் ரத்தம்.
ஈவிரக்கமில்லாமல் சுட வேண்டிய இடத்தில்
ஈரம் வந்து குறுக்கே நின்றது.

ஊசியை உருவும்போதும் சுட்டுக்கொண்டே உருவினேன்,
வந்த வழியில் ஒரு விதையும் சிந்தாதபடி.

மாலையில் பருப்பு சூப்பை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
“வாய்க்கால்ல குளிக்கிற பசங்க எல்லாருக்கும்
மூத்திரத்துல ரத்தம். நத்தைப் புழு.
பள்ளிக்கூடத்துல வரிசையா நிக்க வெச்சாங்க.
அரசாங்க ஊசி. வாரம் ஒண்ணு, பன்னிரண்டு வாரம்.
எனக்கு முன்னால எட்டுப் பேர்.
ஊசி ஒண்ணுதான்.
வெந்நீர்ல முக்குனாங்க.
முக்குனாங்கன்னுதான் நெனச்சோம்.”
கரண்டியை நக்கிவிட்டு வைத்தார்.
“புழு போயிடுச்சு டாக்டர். அதுல குறை சொல்ல முடியாது.”

பின்னால் நின்றவன் யார் என்று கேட்டேன்.
“ஷிஹாதா. போன நோன்புக்கு முன்னால போனான்.
வயிறெல்லாம் தண்ணி.”

ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில்
கட்டி இருந்த இடம் கறுத்த பள்ளம்.
சிரைப் பக்கம் மட்டும், மெலிதாக, வெளிச்சமாக, ஒரு பிறை.
பிறை தெரிந்தால் குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டும் ஊர்.
நான் விரலால் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் என் விரலை நகர்த்தினார்.
“காலர் ஓரம்” என்றார்.
“சுருக்கம் அங்கதான் ஒளிஞ்சுக்கும்.
இஸ்திரியோட மூக்கை வெச்சு எடுக்கணும்.”
நஃபூஸாவுக்கு ஈரக்குலை பதறியிருக்க வேண்டும்.
கூடையின் பிடி அவள் கையில் கிறீச்சிட்டது.

வியாழக்கிழமை, அதே மேசை, அதே அயோடின் வாசனை.
மயக்க மருந்தைத் திறக்கப் போன விஸ்ஸாமை
ஒரு நிமிடம் நிறுத்தினேன்.

புது ஊசியின் உறையை
அவர் முகத்துக்கு நேரே பிடித்து
மெதுவாகக் கிழித்தேன்.
அவர் கேட்கவில்லை.
முழுதும் கிழிகிறவரை
கண்ணை எடுக்கவுமில்லை.