நூறு மைக்ரோலீற்றர்

சுங்கத்தில் பதினொரு நாள் கிடந்து
பேராதனைக்கு வந்தபோது
பெட்டியில் ஐஸ் இல்லை, ஈரம் மட்டும்.
சுண்டுவிரல் நகமளவு குழாய்.
அடியில் ஒரு சொட்டு.
பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று படித்தது,
இங்கே ஆன்டிபாடி.
லேபிளில் முயல் என்றிருந்தது, பெயர் இல்லை,
ஒரு தொகுதி எண்.
அம்மாவுக்கு அக்கரப்பத்தனைச் செக்ரோலில்
இருநூற்றுப் பதினாலு.

கலத்தின் கருவுக்குள் ஒரு புரதம்
செய்தியை வெட்டுகிறது,
நடுவில் உள்ளதை வீசுகிறது,
மிச்சத்தை ஒட்டி அனுப்புகிறது.
கண்ணில் படாது.
கண்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.
அதில் கொஞ்சம் ஊசியில் ஏற்றியதும்
முயலின் ரத்தம் மிரண்டு
ஆளடையாளம் எடுத்து வைத்தது:
ஒன்று மூக்கை, ஒன்று முழங்கையை,
ஒன்று நொண்டி நடக்கும் விதத்தை.
தனிச்சாட்சி இல்லை இது,
ஒரு சந்தையே சாட்சி.

கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க
சவ்வைப் பாலில் ஊறவைப்பார்கள்.
நூறு மில்லிக்கு ஐந்து கிராம்.
கலகா சந்தியில் பால்மாவுக்கு
மூன்று மணி நேரம் நின்றேன்.
ஆளுக்கு ஒரு பைக்கட்.
"வீட்டில் பிள்ளை எத்தனை?"
"ஒன்று" என்றேன்.
எனக்குப் பின்னால் கதவை இழுத்துவிட்டார்கள்.
பின்னால் நின்றவளின் இடுப்பில்
நிஜமாகவே ஒன்று இருந்தது.

பத்து மணிக்குக் கரண்ட் போனது.
குளிரறை வியர்த்தது.
மீன்கடை ஜிஃப்ரி நானாவை எழுப்பினேன்.
"இந்நேரத்தில் ஐஸ் எதற்கு?"
"முயல் ரத்தத்துக்கு."
அவர் காசு வாங்கவில்லை,
ஒன்றும் கேட்கவும் இல்லை.
சூரை மீன் வாடையோடு
தட்டு விடியும்வரை கையால் ஆடியது.

காலையில் பாலைத் தொட்டியில் ஊற்றினேன்.
வெள்ளை போகும்வரை குழாயை மூடவில்லை.
பிறகு ஆட்டின் ரத்தம்,
முயலை மட்டும் தெரிந்த ஆடு.
பிறகு இருட்டு.
அதற்குப் பஞ்சமில்லை,
ஹந்தானை அடிவாரம் முழுக்க இருட்டறைதான்.

ஃபிலிமில்
இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு கோடு.
அதற்கு மேலே
மங்கலாக
இன்னொன்று.

"அது சும்மா அழுக்கு, வெட்டிவிடுங்கள்"
என்றார் கலாநிதி விமலசூரிய.
வெட்டி ஒட்டுகிற புரதத்தின் படத்தையே
வெட்டி ஒட்டுவதா என்று சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
பால்: ஆடை நீக்காதது, அதுதான் கிடைத்தது.
ஐஸ்: மீன்கடை.
மேல்கோடு: தெரியாது.
முயல்: தெரியாது.

மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து கிராம்.
'ஆய்வுகூடப் பொருள், குடிக்கக் கூடாது'
என்று சுவரில் ஒட்டியவள் நான்தான்.
பைக்கட்டின் வாயை ரப்பரால் கட்டி
கைப்பைக்குள் வைத்துச் சந்திக்கு இறங்கினேன்.
வரிசை நின்றது.
கடை இன்னும் திறக்கவில்லை.
முகம் முகமாகப் பார்த்துப் போனேன்.
அவள் முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை.
பிள்ளையின் ஒரு காலில் மட்டும்
சிவப்புக் கம்பளிச் சப்பாத்து.