வெட்டின இடம்

ஐம்பத்து மூன்று விநாடி.
கைபேசியில் எடுத்தது. யார் எடுத்ததெண்டு மட்டும் கேக்காதேங்கோ என்று
சட்டத்தரணி எமில்டா முதலே சொல்லிவிட்டாள்.
நான் பார்க்க வேண்டியது ஒன்றுதான்:
இடையில் எங்கேனும் வெட்டு விழுந்திருக்கிறதா.

கொக்குவிலில் கலியாண வீடியோ வெட்டுகிறவனிடம்
இதைக் கொண்டுவந்ததில் பிழையில்லை.
மாப்பிள்ளையின் தகப்பன் சீதனக் காசு எண்ணியதை,
கூறை மாற்றப் போன பொம்பிளை அழுதுவிட்டு வந்த கண்ணை,
பந்தியில் எழும்பிய சண்டையை
தடம் தெரியாமல் எடுத்தவன் நான்.
ஒட்டின இடம் எனக்கு மணக்கும்.

ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினேன்.
எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து.
பதினோராம் விநாடியில் ஒரு காகம்.
பத்தொன்பதில், கைகள் பின்னால் கட்டப்பட்ட ஒருவன்
இடமிருந்து வலம் நடக்கிறான்,
இடது காலைக் கொஞ்சம் அகட்டி.
இருபத்தாறில் எடுத்தவனின் பெருவிரல் வில்லையை மூடுகிறது.
கறுப்பு. மூச்சுச் சத்தம் மட்டும்.
கறுப்பையும் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை.
பிறகு நடந்தது அறிக்கையில் இருக்கிறது.

அடுத்த நாள் தவமலர் வந்தாள்.
"என்ர கலியாணக் கொப்பி வைச்சிருக்கிறியளோ?
தம்பி வாகீசன் நடக்கிறது அதில இருக்கும்.
ஒப்பிட்டுப் பாக்க வேணுமாம்."

இரண்டாயிரத்து ஐந்து, ஆவணி, கோண்டாவில்.
தாலி ஏறுகிற நேரம் பார்த்து
வாழையிலைக் கட்டோடு ஒரு பொடியன்
கமெராவுக்குக் குறுக்கே போனான்.
நான் ஏசின ஏச்சு கொஞ்சமல்ல.
அன்றிரவே எடுத்தெறிந்தேன், ஏழு விநாடி.
அந்த இடத்தில் இப்போது ஒரு ரோசாப்பூ விரியும்.
மூல நாடாவின் மேலே
அடுத்த கிழமை இணுவில் சாமத்தியவீடு பதிந்தாயிற்று.

எப்படி நடந்தான்?
எண்ணி எண்ணிப் பார்க்கிறேன்,
இலைக்கட்டுத்தான் வருகிறது.

ரோசாப்பூவைப் போட்டுக் காட்டினேன்.
ரயில் போனது; மேசை அதிர்ந்து அடங்கியது.
"திரும்பப் போடுங்கோ" என்றாள்.
திரும்பவும் விரிந்தது.

பின்னேரம் சத்தியக் கடதாசி எழுதினோம்.
'இக்காட்சியில் வெட்டோ ஒட்டோ இல்லை.
இதில் காணப்படும் எவரையும் எனக்குத் தெரியாது.'
இரண்டாம் வரியில் பேனை நின்றது.
கடைசிச் சொல்லை அடித்து
மேலே நெருக்கி எழுதினேன்:
'ஒருவரைத் தெரிந்திருக்கலாம். ஏழு விநாடி.'

எமில்டா வாசித்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.
"வெட்டின இடத்தில
ஒரு கையெழுத்து வைக்கோணும்."