தண்ணீர் கேட்காத தின்பண்டம்

லா பாஸிலிருந்து கிளம்புகிற காலையில்
தொட்டியை மறுபடி முகர்ந்து பார்த்தேன்.
இரண்டு முறை சமையல் சோடா, ஒரு முறை வினிகர்,
மூன்று முறை வெறுந்தண்ணீர் விட்டு அலசியாயிற்று.
ஆனாலும் புது ரப்பர் குழாயின் வாசம்
ஓரமாக உட்கார்ந்திருந்தது,
வாடகை தராமல் காலி செய்யவும் மறுப்பவனைப் போல.

"குளிக்கத்தானே, எலோடியா" என்றார் நெமேசியோ.
குளிக்கத்தான்.
குடிக்க வேறு இருந்தது: கடையில் வடிகட்டி அடைத்த
இருபது லிட்டர் குடம் நான்கு,
பாய்மரத்தின் அடியில்
ஆடாதபடி கயிற்றால் கட்டியவை.
இரண்டு பேர், பன்னிரண்டு நாள்,
ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர்.
மீதி எட்டு லிட்டர்
பயத்துக்கு.

என் நாத்தனார் ஹெர்லிண்டா கொடுத்தனுப்பிய
பொரித்த பன்றித்தோல் மூட்டையைத்
துறையிலேயே இறக்கி வைத்துவிட்டேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்தான்.
ஆனால் ஒரு கை உப்புக்கு ஒரு குவளை தண்ணீர் கடன்.
வளைகுடாவின் நடுவே யார் கடன் தருவார்?

நான் ஏற்றியது
ஹிக்காமா கிழங்கு பதினான்கு.
தோலை உரித்தால் உள்ளே கிணறு.
ஈரத்துணியில் சுற்றிய வெள்ளரி,
ஒரு வலை நிறைய எலுமிச்சை,
உப்பில்லாமல் வறுத்த வேர்க்கடலை,
விரலில் ஒட்டும் பேரீச்சை,
டோர்ட்டியா, அது காயும்வரை.

நான்காம் நாள்
குடத்தில் நான் போட்ட பென்சில் கோட்டுக்கு
மூன்று விரல் கீழே நின்றது தண்ணீர்.
நான்கு நாள் கடற்காற்றில் நின்றவருக்குத்
தலைமுடி மட்டும் மெத்தென்று பறந்தது.
"ஒரு குவளைதான்."
"எந்தக் குவளை?"
அவர் காட்டியது நூடுல்ஸ் வேகவைக்கும் பானை.

சாயங்காலம் வரை பேச்சில்லை.
பிறகு சுக்கானருகே ஒரு தட்டு வந்தது.
விரல் விரலாக நறுக்கிய ஹிக்காமா,
எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவி,
உப்பு மட்டும் இல்லாமல்.
மன்னிப்பு மொறுமொறுவென்று இருந்தது.
தின்றேன்.

ஆறாம் நாள் காற்று செத்துவிட்டது.
பாய் ஈரத்துணி மாதிரி தொங்க,
சிவப்புப் பாறைத் தீவின் நிழலிலிருந்து
துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு மீன்பிடிப் படகு.
ஒரு நடுவயதுக்காரர், டெல்ஃபினோ.
அவர் அக்கா மகன், மீசை அரும்பாத ஃபிடென்சியோ.
அப்புறம் ஒரு நாய்.
"பன்னிரண்டாம் எண் ஸ்பானர் இருக்குமா?"
அவ்வளவுதான் கேட்டார்கள்.
உதடுகள் வேறு கேட்டன,
ஓரத்தில் வெள்ளையாக வெடித்து.

குடத்தைச் சாய்த்தேன்.
பையன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.
பெரியவர் படகில் தேங்கும் நீரை இறைக்கும்
பிளாஸ்டிக் டப்பாவை
இரண்டு முறை சட்டையால் துடைத்துவிட்டு
நாய்க்கு முதலில் என்று நீட்டினார்.
நாய் குடித்தது. நிமிர்ந்து பார்த்தது.
மறுபடி குடித்தது.
அந்த எட்டு லிட்டர் எங்கே போகிறதென்று
பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஸ்பானர் பொருந்தவில்லை.
நெமேசியோ எஞ்சினின் வடிகட்டியைக் கழற்றி
வெயிலில் தூக்கிப் பிடித்தார்.
பெட்ரோலுக்கு அடியில் தெளிவாக, அமைதியாக,
தண்ணீர்.
நால்வரும் சிரித்தோம்.
நாய் குரைத்தது.

எங்கள் சின்ன மோட்டாரின் பெட்ரோலில்
பாதியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது
பெரியவர் ஒரு பையை எறிந்தார்.
திருக்கைக் கருவாடு,
உப்பு பூத்துப் பாளம் பாளமாக.
வேண்டாமென்று சொல்ல வாய் எடுத்தேன்.
"நாயின் பேர் என்ன?" என்றுதான் வந்தது.
"தொர்னீயோ" என்று கத்தினான் பையன்.
தொர்னீயோ என்றால் திருகாணி.

நோட்டில் எழுதினேன்:
டெல்ஃபினோ மூன்று. ஃபிடென்சியோ இரண்டரை.
தொர்னீயோ ஒன்றரை.
கையில் கொடுத்தனுப்பியது நான்கு.
கூட்டிப் பார்த்தேன். பயத்துக்கு வைத்ததும் தாண்டி
எங்கள் பங்கிலும் மூன்று லிட்டர் போயிருந்தது.

இரவு அந்தக் கருவாட்டைச் சுட்டுத் தின்றோம்.
நன்றாக இருந்தது, நாக்கு சுருங்கும் அளவு.
நள்ளிரவில் தாகம் எழுப்பியது.
இருட்டில் குடத்தைத் தடவி
ஒரு குவளை குடித்தேன்.
இன்னொன்று அவருக்கு.

அதை எழுதவில்லை.