ஒன்பது குறைவு

பாந்த்ரா கிழக்கில், மூன்றாம் மாடி வராந்தாவில்,
மழைக்கோட்டுகள் சொட்டும் வரிசையில்
என் பெயர் 988027.
ஆவுடைச்செல்வி என்பது அடைப்புக்குறிக்குள்.

முன்னால் நிற்கும் குல்சும் பீயின் எண்
என்னுடையதைவிட ஒன்று கம்மி.
இரண்டால் உடையும், மூன்றால் உடையும்,
வறுத்த வேர்க்கடலை மாதிரி.
என்னுடையதைக் காலை பத்தரையிலிருந்து
உடைத்துக்கொண்டிருக்கிறேன்,
ரசீதின் பின்பக்கம், புருவப் பென்சிலால்.

கடைசியில் ஏழு: இரண்டு இல்லை, ஐந்தும் இல்லை.
இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்து நான்கு: மூன்றும் போச்சு.
ஏழால் வகுத்தால் ஐந்து மிச்சம்.
பதினொன்றால் வகுத்தால் ஏழு.
பதின்மூன்றில் ஒன்றே ஒன்று மிஞ்சியபோது
கைக்கெட்டும் தூரத்தில் பஸ் நகர்ந்துவிட்டது போலிருந்தது.
பதினேழு. பத்தொன்பது.
பிளாஸ்டிக் கிடங்கில் எடை போட்டுப் போட்டு
மிச்சத்தை மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு.
இருபத்து மூன்று.
அதற்குள் சாப்பாட்டு நேரமென்று ஜன்னலை மூடிவிட்டார்கள்.

பகா எண்களுக்கு முடிவில்லை.
எங்கே நிறுத்துவது?
அதையாவது தெரிந்துகொள்வோம் என்று
தன்னையே தான் பெருக்கி இங்கே வந்து நிற்கும் எண்ணைத் தேடினேன்.
ஆயிரம் அதிகம். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு போதாது.
994ஐ 994ஆல் பெருக்கினேன்.
988036.
ஒன்பது கூடிவிட்டது.
வெறும் ஒன்பது.

ஒன்பது என்றால் மும்மூன்று.
சதுரத்திலிருந்து சதுரம் போனால் என்ன ஆகுமென்று
ஒழுகும் வகுப்பறையில் எப்போதோ எழுதிய கை
என்னைக் கேட்காமல் எழுதியது:
மூன்றைக் கழி. மூன்றைக் கூட்டு.
991. 997.

நடுவே வேறு பகா எண் உண்டா என்றும் பார்த்தேன்.
993ஐ மூன்று தின்கிறது, 995ஐ ஐந்து,
மற்றதெல்லாம் இரட்டை.
எங்கள் சந்தின் எதிரெதிர் வாசல்களைப் போல
ஆறடி தள்ளி இரண்டு பேர்.
அவர்களைத் தவிர இதற்குள் யாருமில்லை.
பிறகொரு நாள் எண்ணிப் பார்த்தேன்:
கீழிருந்து ஒவ்வொன்றாய் வந்திருந்தால்
நூற்று அறுபத்தாறு கதவுகள் மூடியே இருந்திருக்கும்.

குல்சும் பீயிடம் சொன்னேன்.
"அப்போ வீடு கிடைச்சிடுமா?" என்றாள்.

நௌ லாக் அட்டாசி ஹஜார் சத்தாயீஸ்!
ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை.
பழைய மின்ரசீதில் மாமனார் பெயரில்
ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம்.
கோப்பு வேறு பிரிவுக்குப் போகிறதாம்.
என் எண்ணைச் சிவப்பு மையில் அடித்து
மேலே புதிதாக ஒன்று எழுதினான்.
கடைசி இலக்கம் நான்கு.

பார்த்த மாத்திரத்தில் பாதியாகிற எண்.
சயான் போகும் பஸ்ஸில் அதை நான் தொடவேயில்லை.
சிவப்புக் கோட்டுக்கு அடியில்
991உம் 997உம்
இன்னும் எதிரெதிர் வாசலில்தான் இருந்தார்கள்.

கண்டக்டர் நீட்டிய டிக்கெட்டில் ஆறு இலக்கம்.
ஒன்பதில் முடிகிறது.
பென்சிலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.